சுற்றறிக்கைக்கும் வகுப்பறைக்கும் நடுவில்

கல்விச் சீர்திருத்தம் என்றதும் திட்டத்தை அறிவிக்கும் அமைச்சரும் அதை நடத்திக்காட்ட வேண்டிய ஆசிரியருமே நினைவுக்கு வருகிறார்கள். இருவருக்கும் நடுவே வட்டார, மாவட்ட அளவில் பணியாற்றும் கல்வி அலுவலர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆனால், பல திட்டங்கள் பிழைப்பதும் கோப்போடு முடிந்துபோவதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

மேலிருந்து வரும் ஆணை எப்போதும் பொதுவாகவே இருக்கும். ‘வாசிப்புத் திறனை மேம்படுத்துக’ என்ற ஒரு வரியை, எந்தப் பாடவேளையில், எந்த நூலைக் கொண்டு, பின்தங்கிய மாணவரை எப்படிக் கையாள்வது என்ற அளவுக்கு விரித்துச் சொல்பவர் இடைநிலை அலுவலரே. புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை, பயிற்சியில் சொன்னது வகுப்பில் எடுபடவில்லை என்பன போன்ற செய்திகள் மேலே போவதும் அவர் வழியாகத்தான்.

கென்யாவில் 2015இல் தொடங்கிய ‘துசோமே’ என்னும் எழுத்தறிவுத் திட்டம் இதற்கு நல்ல சான்று. அரசுப் பணியில் ஏற்கெனவே இருந்த ஆசிரியர் ஆலோசகர்களையே அது பயன்படுத்திக்கொண்டது. ஆலோசகர் வகுப்பில் அமர்ந்து பாடத்தைக் கவனிப்பார். முன்திட்டமின்றித் தேர்ந்தெடுத்த மூன்று மாணவர்களை வாசிக்கச் சொல்லி, அவர்களது வேகத்தை டேப்லெட்டில் பதிவார். பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து அடுத்து மாற்ற வேண்டியதைப் பேசுவார். பள்ளிக்குச் சென்றதற்கான பயணப்படியும் அந்தப் பதிவுகளின் அடிப்படையிலேயே வழங்கப்பட்டது. கருவியைப் பற்றித்தான் பலரும் வியந்து பேசுகிறார்கள். எனக்கோ அந்தப் பயணப்படிதான் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் கைக்காசைச் செலவழித்து எந்த அலுவலரும் தொலைதூரப் பள்ளிக்கு மாதந்தோறும் போய்க்கொண்டிருக்க மாட்டார்.

கனடாவின் ஒன்றாரியோ மாகாணமும் 2004இல் எழுத்தறிவு, எண்ணறிவுக்கெனத் தனிச் செயலகம் அமைத்து, அனுபவமிக்க கல்வியாளர்களை மாவட்டப் பள்ளி வாரியங்களோடு இணைந்து பணியாற்றச் செய்தது.

சிக்கல் எங்கே என்றால், குறைகண்டு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் கைகொடுத்து உதவும் பொறுப்பும் ஒருவரிடமே சேரும்போதுதான். தண்டிக்கக்கூடியவர் முன் எந்த ஆசிரியரும் தன் தடுமாற்றத்தை மனம்விட்டுச் சொல்வதில்லை; அன்றைக்கென்று ஒத்திகை பார்த்த பாடமே நடக்கும், அலுவலரும் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்புவார். இதைத் தவிர்க்க, சில நாடுகளில் ஆய்வுப் பணியையும் வழிகாட்டும் பணியையும் வெவ்வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கிறார்கள். அப்படிப் பிரித்த இடங்களிலும், புள்ளிவிவரப் படிவங்கள், தேர்வுப் பணி, கூட்டங்கள் என்று வழிகாட்டியின் தலையில் மற்ற வேலைகளையும் ஏற்றிவிட்டால், முதலில் விட்டுப்போவது பள்ளிக்குச் செல்வதுதான்.