புழுங்கல் அரிசியில் வாடை வருவது எதனால்?

இறக்குமதி அரிசியின் தரம் பார்ப்பது என் வேலை. அதைக் கேள்விப்பட்டதும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் அரிசி வாங்க வரும் அக்காக்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "புழுங்கல் வாடை அடிக்குதே, பிராண்டை மாத்திடலாமா?" தாராளமாக மாற்றலாம். ஆனால் அந்த வாடை நெல் ஊறிய தொட்டியிலேயே தொடங்கியிருக்கும்.

பச்சைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறும் நெல் புளித்துப்போகும். 60-70 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் சில மணி நேரம் போதும். ஊறலோ, அடுத்து அவிக்கும் ஆவியோ குறைந்தால் அரிசியின் நடுவில் வெள்ளைத் திட்டு நிற்கும். சரியாக அவிந்தால் மாவுச்சத்து குழைந்து மணியிலுள்ள விரிசல்களை ஒட்டிவிடும், தவிட்டின் பி வைட்டமின்களில் ஒரு பங்கும் உள்ளே இறங்கும்.

காயவைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கொளுத்தும் வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்த நெல் ஆலையில் நொய்யாகக் கொட்டும். ஈரம் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கியதும் நிழலில் ஆறவிட்டு, அப்புறம் மெதுவாக 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெறுந்தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் காயவைத்தால் கல்லும் குறையும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் நெல் அவிப்பது பெரும்பாலும் பெண்கள்தான். பழைய முறையில் நெல்லைத் தண்ணீரோடு பானையில் போட்டு வேகவைப்பார்கள். அடிநெல் குழைந்துவிடும், மேல்நெல் அரைகுறையாக நிற்கும். ஆப்பிரிக்க நெல் மையம் பரப்பிய மேம்பட்ட முறையில், அடியில் துளைகள் உள்ள பாத்திரத்தில் நெல்லைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் கொதிக்கும் பானைக்குள் வைக்கிறார்கள். நெல்லை ஆவி மட்டும் தொடும். நம்ம இட்லிப் பானை கணக்குதான்! இந்த வேலையைச் செய்யும் பெண்களே செய்துகாட்டும் வீடியோக்களைக் கிராமங்களில் போட்டுக் காட்டினார்கள். அதிகாரி வந்து பாடம் நடத்துவதைவிட இது எடுபடும் என்பது என் எண்ணம்.

ஆனால் நல்ல அரிசிக்குக் கூடுதல் விலை கிடைக்காவிட்டால், வெந்நீருக்கு விறகு எரிக்க யாருக்கு மனசு வரும்? 2023இல் இந்தியா புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டபோது இங்கே நாம் விலையை மட்டும்தான் பேசினோம். தரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்த முறை கடைக்காரரிடம் "அரிசி சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். புளிப்பு வாடையா, நொய்யா, வெள்ளைத் திட்டா என்று சொல்லுங்கள். பூஞ்சை வாடை என்றால் முதலில் வீட்டு டப்பாவைப் பாருங்கள், சிங்கப்பூர் ஈரக்காற்றில் அது சகஜம். பையிலுள்ள தொகுதி எண்ணையும் படம் எடுத்துக் கொடுத்தால், எந்த ஆலையில் விசாரிப்பது என்று எங்களுக்குத் தெரியும்.