கால் வலுத்துவிட்டது, குதி உயரவில்லை

சென்ற ஆண்டு என்னிடம் வந்த 19 வயது வாலிபால் வீரர், ஆறு மாதம் விடாமல் ஜிம்முக்குச் சென்று ஸ்குவாட் (தோளில் எடை சுமந்து உட்கார்ந்தெழும் பயிற்சி) எடையை 80 கிலோவிலிருந்து 110 கிலோவுக்கு உயர்த்தியிருந்தார். ஆனால், எம்பிக் குதித்துச் சுவரில் சாக்பீஸ் தடவிய விரலால் வைக்கும் குறியோ இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "இன்னும் வெயிட் கூட்டணுமா சார்?" என்றார்.

நின்ற இடத்தில் எம்பும்போது, தாழ்ந்த உடல் மேலெழத் தொடங்கிப் பாதம் தரையை விட்டு நீங்குவதற்குள் ஏறத்தாழ 0.3 நொடிதான் கிடைக்கிறது. அதற்குள் முதலில் இடுப்பும், அடுத்து முழங்காலும், கடைசியாகக் கணுக்காலும் நிமிர வேண்டும். முழங்கால், கணுக்கால் இரண்டையும் கடந்து செல்லும் கெண்டைக்கால் தசை, முழங்கால் நிமிரும் விசையில் ஒரு பகுதியைக் கயிறுபோல் இழுத்துக் குதிகாலுக்குக் கடத்துவதால், இந்த வரிசை குலைந்தால் வலிமை இருந்தும் அது தரைக்குப் போய்ச் சேராது.

1994-இல் நெதர்லாந்து ஆய்வாளர்களான பாபர்ட்டும் வான் சூஸ்ட்டும் கணினி மாதிரி ஒன்றில் தசைகளின் வலிமையை மட்டும் கூட்டி, அவற்றை இயக்கும் கட்டளைகளை முன்பிருந்தபடியே விட்டபோது, குதியின் உயரம் குறைந்தது. கட்டளைகளைப் புதிய வலிமைக்கேற்பத் திருத்திய பிறகே கூடியது. இதைச் சொன்னால் நம்பாத பயிற்சியாளர்கள் உண்டு. எடைத்தட்டுகளை எண்ணுவது எளிது அல்லவா!

அந்த இளைஞரின் குதியைக் கைப்பேசியில் ஸ்லோமோஷனில் பக்கவாட்டிலிருந்து எடுத்துப் பார்த்தோம். முழங்கால் பாதி மடங்கியிருக்கும்போதே இடது குதிகால் தரையைவிட்டுக் கிளம்பியிருந்தது. முந்தைய ஆண்டு அந்தக் கணுக்கால் சுளுக்கியபோது, முழுதாக ஆறுமுன்பே ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டாராம். உயரத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டித் தரக்கூடிய கைவீச்சும், உடல் எழும்பிய பிறகே மேலே வந்தது.

ஆகவே எடையை அப்படியே நிறுத்தி, கணுக்காலுக்குச் சமநிலைப் பயிற்சியும், வாரம் இரண்டு நாள் ஐந்தைந்தாக முழுவீச்சுக் குதிகளும் கொடுத்தேன். களைத்த பிறகு குதித்தால் தப்பான வரிசையே உடலில் பதியும் என்பதால், குதிப் பயிற்சியை எப்போதும் எடைப் பயிற்சிக்கு முன்பே வைத்தேன். சட்டென உயரம் கூடும் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்குச் சுளுக்கே இல்லாமலும் இந்த வரிசைத் தடுமாற்றம் வரலாம். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

எட்டு வாரத்தில் சாக்பீஸ் குறி மூன்று விரற்கடை மேலேறியது. தரையிறங்கும்போது மட்டும் அவருடைய இடது முழங்கால் இன்னும் உள்நோக்கிச் சாய்கிறது; முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிய வாய்ப்புள்ள நிலை அது என்பதால், அது சீராகும் வரை, வலையருகே எம்பிப் பந்தைத் தடுக்கும் பிளாக் பயிற்சிக்கு நான் அனுமதி தரவில்லை.