காம்பினேஷியோ நோவா: புதிய இணைப்பெயர்

பாம்பனிலும் மண்டபத்திலும் கடலுக்குப் போகிறவர்கள் பேராமை என்று சொல்லும் விலங்கின் அறிவியல் பெயர், செலோனியா மைடாஸ் (லின்னேயஸ், 1758) என்று எழுதப்படுகிறது. லின்னேயஸின் பெயரைச் சூழ்ந்திருக்கும் அடைப்புக்குறி அச்சு அழகுக்காக இடப்பட்டதன்று. 1758இல் அவர் இந்த ஆமைக்கு இட்ட பெயர் டெஸ்டுடோ மைடாஸ். பின்னர் அது செலோனியா என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. முதலில் பெயரிட்டவரை மறக்காமலும், அவர் வைத்த பேரினத்தில் அந்த உயிர் இப்போது இல்லை என்பதை மறைக்காமலும் சொல்வதற்கு விலங்கியலார் கண்ட வழி அது. இவ்வாறு ஒரு சிற்றினத்தின் பெயர் வேறொரு பேரினப் பெயருடன் முதன்முறையாக இணைத்து எழுதப்படும்போது, ஆய்வுக்கட்டுரையில் அப்பெயரை அடுத்து இடப்படும் இலத்தீன் தொடரே காம்பினேஷியோ நோவா.

நோவா என்பது 'புதிய' என்று பொருள்படும். காம்பினேஷியோ என்பதில் 'உடன்' எனப் பொருள்தரும் முன்னொட்டும், 'இவ்விரண்டாக' எனப் பொருள்தரும் 'பீனி' என்ற சொல்லும் உள்ளன. ஆகவே கலத்தலோ திரட்டலோ அன்று, இரண்டை இணைகூட்டுதலே அதன் வேர்ப்பொருள். ஓர் உயிரின் அறிவியல் பெயர் இரண்டு சொற்களால் ஆனது என்பதால், இந்த வேர்ப்பொருள் இங்கே அச்சொட்டாகப் பொருந்துகிறது.

தொல்லுயிர் ஆய்வில் இத்தொடருக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கும் 20.1 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட டிரையாசிக் காலத்து ஊர்வன ஒன்றின் வரலாற்றில் கிடைக்கிறது. தெலங்கானாவின் பிராணஹிதா–கோதாவரிப் படுகையில், மலேரிப் பாறையடுக்கில் கிடைத்த புதைபடிவத்துக்கு 1885இல் லைடெக்கர் பாராசூக்கஸ் ஹிஸ்லோபி என்று பெயரிட்டார். பாராசூக்கஸ் என்றால் 'முதலைக்கு அருகானது'. தோற்றத்தில் முதலையை ஒத்திருந்தாலும், முதலைக்கு வாய்முனையில் இருக்கும் மூக்குத்துளைகள் இதற்குக் கண்களுக்கு அருகே இருந்தன. இது ஃபைட்டோசார் என்னும் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. (ஃபைட்டோசார் என்பதற்குத் 'தாவரப் பல்லி' என்று பொருள். தாடையில் படிந்து இறுகிய சேற்றைத் தாவரம் தின்னும் பற்களாகக் கருதியதால் 1828இல் பிறந்த பிழைப்பெயர் இது. மீனும் பிற விலங்குகளும் தின்ற கூட்டத்துக்கு இப்பெயரே நிலைத்துவிட்டது.) அப்பெயருக்குப் பெயர்ச்சான்றாக, அதாவது பெயர் சார்ந்து நிற்கும் மாதிரியாக, இருந்தது வாய்முனையின் ஒரு துண்டுதான். அதை மட்டும் வைத்து இந்த உயிரைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய இயலாமையால், பெயரே ஐயத்துக்கு உள்ளாயிற்று. சங்கர் சாட்டர்ஜி 2001இல் முன்வைத்த விண்ணப்பத்தை ஏற்று, பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 2003இல் முழுமையான வேறோர் எலும்புக்கூட்டைப் புதிய பெயர்ச்சான்றாக அறிவித்தது. அதன்பின் 2016இல் கிறிஸ்டியன் கம்மரரும் உடனாய்வாளர்களும் செய்த மறுஆய்வு, அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்து 1904இல் வில்லிஸ்டன் பாலியோரைனஸ் பிரான்சோனி என்று பெயரிட்ட உயிரும் இதே பேரினத்தைச் சேர்ந்தது என்று முடிவுசெய்தது. இரண்டு பேரினப் பெயர்கள் ஒன்றையே குறித்தால் முந்தியது நிற்கும் என்பது விதி; 1885 முந்தியது. ஆகவே வயோமிங் உயிர் பாராசூக்கஸ் பிரான்சோனி (வில்லிஸ்டன், 1904) ஆயிற்று. வாய்முனைத் துண்டோடு தள்ளப்பட இருந்த கோதாவரிக்கரைப் பெயர், கண்டங்கள் ஒன்றாய் இருந்த காலத்து அமெரிக்க உயிருக்கும் பெயரானது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

காம்பினேஷியோ நோவா என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'புதிய சேர்க்கை' என்றால் மாணவர் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். 'பெயர்மாற்றம்' பாதி மட்டுமே உண்மை, ஏனெனில் பிரான்சோனி என்ற இரண்டாம் சொல் மாறவே இல்லை. 'மறுவகைப்பாடு' செயலைக் குறிக்குமே தவிர, அச்செயலால் விளைந்த பெயரைக் குறிக்காது. 'புத்திணை' சுருக்கமானது, ஆனால் நெய்தல் நிலத்தில் வாழ்கிற நம் காதில் அது புதியதொரு திணையாகவே விழும். எனவே 'புதிய இணைப்பெயர்' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். வேர்ப்பொருளான இணைகூட்டுதல் அதில் அப்படியே நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பாடநூல்கள் பேரினம், சிற்றினம் என்பவற்றைப் பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கைப் பாடநூல்கள் சாதி, இனம் என்கின்றன. தொண்டி மாணவரும் யாழ்ப்பாண மாணவரும் ஒரே கட்டுரையைப் படிக்கும்போது 'இனம்' என்ற சொல்லிலேயே தடுமாற நேரும். 'இணைப்பெயர்' இந்த நான்கு சொற்களில் எதையும் சாராதது.

எழுதும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பேரினத்தை மாற்றும் கட்டுரையில் ஒரே ஒருமுறைதான் 'புதிய இணைப்பெயர்' என்ற குறிப்பு இடப்படும். பின்வருவோர் அதை மீண்டும் எழுதுவதில்லை. அவர்களுக்கு அடைப்புக்குறியே போதும். நம் கடலின் ஆவுளியாவை (கடற்பசுவை) 1776இல் முல்லர் டிரைக்கெக்கஸ் என்னும் பேரினத்தில்தான் வைத்தார். இன்று அது டூகாங் டூகான் (முல்லர், 1776).