எம்-பெசா: அசல் பணம் எங்கே இருக்கிறது?

கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம், போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவையைத் தொடங்கியபோது அதில் புதுக் கருவி என்று எதுவும் கிடையாது. பட்டன் போன், சிம் கார்டில் ஒரு மெனு, பின் நம்பர், எஸ்எம்எஸ், அவ்வளவுதான். புதிதாக இருந்தது ஏற்பாடு.

நைரோபியில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரிலுள்ள அம்மாவுக்கு 1,000 ஷில்லிங் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். பக்கத்து ஏஜென்ட் கடையில் நோட்டைக் கொடுக்கிறார். கடைக்காரர் முன்பே காசு கட்டி வாங்கி வைத்திருக்கும் மின்பணத்திலிருந்து 1,000 அனுப்புபவரின் கணக்குக்கு மாறுகிறது. அதை அவர் அம்மாவின் எண்ணுக்கு அனுப்ப, அம்மா உள்ளூர்க் கடையில் நோட்டாக வாங்கிக்கொள்கிறார். இரண்டு கடைக்கும் கமிஷன் உண்டு. தலைவலியும் உண்டு. நகரத்துக் கடையில் நோட்டு குவியும், கிராமத்துக் கடையில் தீர்ந்துபோகும். அதைச் சரிக்கட்ட யாராவது வங்கிக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டத்தை ஒழுங்குபடுத்தியதுதான் பெரிய சாதனை என்பேன்.

சரி, அசல் பணம் எங்கே? புழங்கும் மின்பணம் முழுவதற்கும் ஈடான தொகை வங்கியில், தனி அறக்கட்டளையின் பெயரில் கிடக்கும். சஃபாரிகாம் அதை எடுத்துக் கடன் கொடுக்க முடியாது. அதனால் இது வங்கித் தொழில் ஆகாது என்று கருதிய மத்திய வங்கி, தனிச் சட்டத்துக்குக் காத்திராமல், ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுத்தது. 2008 டிசம்பரில் வங்கிகளின் நெருக்குதலால் நிதியமைச்சர் தணிக்கைக்கு உத்தரவிட்டார்; சேவை தேறிவிட்டது. பணம் செலுத்தும் முறைகளுக்கான தனிச் சட்டம் 2011இல்தான் வந்தது.

இதற்கு விதைப்பணமும் அரசுப் பணம்தான். பிரிட்டனின் வளர்ச்சி உதவித் துறை கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்டு தந்தது. சஃபாரிகாமின் பங்குதாரரான வோடஃபோனும் தன் பங்கைப் போட வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் நினைத்தது சிறுகடன் தவணை வசூலுக்கு ஒரு வழி. சோதனையில் சேர்ந்த மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நிறுவனம் தவணையைத் தள்ளிவைத்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டது. சேவைத் தொழிலுக்கு ஆய்வுக்கூடம் வாடிக்கையாளர்தான். ஆய்வுக் கருவிக்கு மட்டும் மானியம் தரும் கொள்கையின் கண்ணில் இது படாது.

அரசு தாமதித்த இடமும் ஒன்று உண்டு. சஃபாரிகாம் ஏஜென்டுகள் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை 2014 வரை நீடித்தது. போட்டி ஆணையம் அதை நீக்கச் சொன்னபோது சந்தை பெரும்பாலும் ஒரே கையில் இருந்தது.