ஏ4 தாளும் புகைமூட்டச் சட்டமும்: யார் மாட்டுவார்கள், எவ்வளவு அபராதம்

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், டியூஷன் வினாத்தாள் எல்லாம் வரும். ரீமை, அதாவது 500 தாள் கட்டை, பிரித்து மெஷினில் அடுக்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அண்ணே, இவ்வளவு வெள்ளையா இருக்கே, எவ்வளவு மருந்து போட்டு வெளுத்திருப்பான்? புகைமூட்டமே இந்தக் காகித ஆலையாலதான் வருதாமே?"

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. வெளுப்பது ஆலைக்குள் நடக்கிறது. புகை கிளம்புவது நிலத்திலிருந்து. சிங்கப்பூர்ச் சட்டம் பிடிப்பது இந்தப் புகையைத்தான்.

வெளுப்பை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் பக்கம் விற்கும் தாளில் கணிசமானது இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் வளரும் அக்கேசியா, தைல மரம் ஆகியவற்றின் கூழால் ஆனது. அக்கேசியாவை நீங்களே பார்த்திருப்பீர்கள். அரிவாள் மாதிரி வளைந்த இலையோடு இங்கே புதர்க்காடுகளில் தானாக முளைத்து நிற்கிறதே, அந்த மரத்தின் குடும்பம்தான். தோட்டத்தில் ஐந்தாறு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். மரத்தைச் சில்லுச் சில்லாக்கி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் 160, 170 டிகிரிச் சூட்டில் வேகவைப்பார்கள். நாரை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பசை கரைந்து கறுப்புத் திரவமாக வடியும். அதையே எரித்து ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். மிஞ்சும் கூழ் மளிகைக்கடைக் காகிதப்பை நிறத்தில் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச லிக்னினை எடுப்பதுதான் வெளுப்பு. செய்தித்தாளுக்கான கூழைப் பெரும்பாலும் அரைத்தே எடுப்பதால் லிக்னின் அப்படியே தங்கிவிடும். ஜன்னலோரம் கிடக்கும் பழைய பேப்பர் மஞ்சளாவது அதனால்தான்.

முன்பு இந்த வேலைக்குக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். அதில் டையாக்சின் என்ற நச்சு உண்டாகி ஆற்றில் கலந்தது. இப்போது பெரும்பாலான ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கு மாறிவிட்டன. டையாக்சின் வெகுவாகக் குறைந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, புகை. அக்கேசியாவில் ஒரு வகை ஈரமான, புளிப்பேறிய கரிச்சதுப்பு நிலத்திலும் நன்றாக வளரும். அப்படிப்பட்ட நிலத்தில் தோட்டம் போட வேண்டுமானால் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்ததும் பல ஆயிரம் வருடமாக முழுதும் மட்காமல் கிடந்த இலைதழை, மரக்கழிவு மண் காய்ந்து விறகாகிறது. ஒரு முறை பற்றினால் தரைக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் ஊற்றிப் பெரிய பயன் இல்லை. 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டை அளக்கும் பிஎஸ்ஐ குறியீடு இங்கே 401 வரை போனதும், 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடியதும் இந்த மாதிரித் தீயால்தான்.

2013 அனுபவத்துக்குப் பிறகு வந்தது எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம். 2014 செப்டம்பர் 25 முதல் நடப்பில் இருக்கிறது. நெருப்பு வெளிநாட்டில் எரிந்தாலும், வெளிநாட்டு நிறுவனமே ஆனாலும், அதன் புகை சிங்கப்பூர்க் காற்றைக் கெடுத்தால் இங்கே குற்றம். பயிர் எது என்று சட்டம் பார்ப்பதில்லை. காகித மரமோ செம்பனையோ, எல்லாம் ஒன்றுதான். புகைமூட்டம் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100,000 வெள்ளி வரை அபராதம். தீயைத் தடுக்கச் சொல்லி அனுப்பும் அறிவிப்பை மதிக்காவிட்டால் நாளுக்கு மேலும் 50,000 வெள்ளி வரை. மொத்த உச்சவரம்பு 2 மில்லியன் வெள்ளி. பெரிய காகித நிறுவனத்துக்கு இது வலிக்கிற தொகையா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

சட்டத்தின் உண்மையான பல் அனுமானத்தில் இருக்கிறது. அடுத்த நாட்டுக் காட்டில் யார் தீக்குச்சி உரசினார் என்று இங்கிருந்து எப்படி நிரூபிப்பது? அதனால், தீ எரிவது செயற்கைக்கோள் படத்தில் தெரிந்து, காற்றும் அந்தப் புகையை இந்தப் பக்கம் தள்ளியிருந்தால், புகை அந்த நிலத்திலிருந்து வந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் இல்லையென்று காட்ட வேண்டும். இயற்கைப் பேரிடர், போர், தன் சம்மதமில்லாமல் வெளியாள் வைத்த தீ, தடுக்க நியாயமான ஏற்பாடெல்லாம் செய்தது ஆகியவற்றைக் காரணமாகக் காட்டலாம். "பக்கத்துக் கிராமத்தார் வைத்த தீ" என்ற பதில் இதில் மூன்றாவது வாசல் வழியாக வரும்.

2015இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஆறு இந்தோனேசிய நிறுவனங்களுக்குத் தடுப்பு நடவடிக்கை அறிவிப்பு அனுப்பியது. அடுத்த ஆண்டு, விசாரணைக்கு வராத ஓர் இயக்குநர் மீது நீதிமன்ற ஆணை பெற்றது. இந்தோனேசியா அதை ரசிக்கவில்லை. இங்கே அலுவலகமோ ஆளோ இல்லாத நிறுவனத்தைப் பிடிப்பது கஷ்டம் என்பதை அதிலேயே பார்த்துவிட்டோம்.

நமக்கு என்ன உரிமை? புகையால் இங்கே நோய், பொருள் சேதம், வருமான இழப்பு வந்தவர்கள் அந்த நிறுவனத்தின் மீது சிவில் வழக்குப் போட இச்சட்டம் இடம் கொடுக்கிறது. தனியாளாக நடத்துவது லேசு இல்லை. ஆனாலும் புகைமூட்ட நாட்களில் கிளினிக் ரசீது, மருத்துவ விடுப்புச் சான்று, கடை மூடிய நாட்களின் கணக்கு இவற்றை எடுத்து வையுங்கள். தேதியில்லாத இழப்பை யாரும் ஏற்கமாட்டார்கள்.

அப்புறம், சுற்றுச்சூழலைக் குறைவாகக் கெடுக்கும் பொருளுக்குத் தரும் பச்சை முத்திரை. சிங்கப்பூர்ப் பசுமை முத்திரைத் திட்டம் 1992இல் தொடங்கியது, சிங்கப்பூர் சுற்றுப்புற மன்றம் நடத்துகிறது. 2017இல் மரக்கூழ், காகிதத்துக்கு மட்டும் கூடுதல் நிபந்தனைகளோடு ஒரு படி மேலான முத்திரை வந்தது. தோட்டத்தில் தீயை எப்படித் தடுக்கிறார்கள், கரிச்சதுப்பு நிலத்தை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதும் அதில் சோதிக்கப்படும். இது தானாக முன்வந்து வாங்கும் முத்திரை. இல்லாத தாளை விற்பது குற்றம் ஆகாது. அரசு அலுவலகங்கள் அச்சுத்தாள் வாங்கும்போது மட்டும் முத்திரை வேண்டும்.

ஒரு ரீம் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. முத்திரை அதன் உறையில்தான் இருக்கும், தாளில் இருக்காது. எங்களைப் போன்ற அச்சகங்களில் ரீமைப் பிரித்ததும் உறை நேரே குப்பைக்கூடைக்குப் போய்விடும். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே கேளுங்கள், எடுத்துக் காட்டுகிறோம்.