ஒரு தக்காளியின் தண்ணீர்க் கணக்கு

மாடியில் நான் வைத்த முதல் தக்காளிச் செடியில் பதினோரு காய்கள் பிடித்தன. எலுமிச்சை அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக அடிப்பக்கம் பழுப்பாகி, பிறகு செருப்புத் தோல் மாதிரி கறுத்துக் குழிந்தது. பூச்சி இல்லை, புழு இல்லை, இலைகளெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தன. பக்கத்து வீட்டு அம்மா மதில் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்புச் சத்து பத்தல தம்பி, முட்டை ஓட்ட நொறுக்கிப் போடுங்க” என்றார். போட்டேன். அடுத்த பதினைந்து நாளில் திரண்ட காய்களும் கறுத்தன.

அந்த அம்மா சொன்னதில் பாதி மிகச் சரி. காயின் நுனி அழுகக் காரணம் கால்சியம் குறைவுதான். ஆனால் குறைவு காயில் இருந்தது, மண்ணில் இல்லை. மண்ணில் இருக்கும் கால்சியம் ஏன் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று தேடப் போய்த்தான், தக்காளி வளர்ப்பு என்பது பெரும்பாலும் தண்ணீரின் கதை என்று எனக்குப் புரிந்தது. பழுத்த தக்காளியில் நூற்றுக்குச் சுமார் 94 பங்கு தண்ணீர். மீதி ஆறு பங்கில்தான் இனிப்பு, புளிப்பு, நிறம், மணம் எல்லாமே.

செடிக்குள் இரண்டு விதமான குழாய்கள் ஓடுகின்றன. சைலம் வேரிலிருந்து தண்ணீரையும் அதில் கரைந்த உப்புகளையும் மேலே ஏற்றுகிறது. புளோயம் இலையில் தயாராகும் சர்க்கரையைத் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோகிறது. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், இரண்டு குழாயிலும் போகும். கால்சியம் அப்படியில்லை. அது ஏறக்குறைய முழுவதும் சைலத்தில் மட்டுமே பயணம் செய்யும். ஓர் இலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு காய்க்குத் தேவைப்படுகிறதே என்று அங்கிருந்து திரும்பி வராது.

சரி, சைலத்தில் தண்ணீரை மேலே இழுப்பது எது? செடியில் மோட்டார் எதுவும் கிடையாது. இலையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது, அதன் பின்னால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகள் நூல் இழுபடுவது போல மேலே வருகின்றன. வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இப்படிக் காற்றில்தான் கலக்கிறது. எங்கே ஆவியாதல் அதிகமோ அங்கே தண்ணீர் ஓடும், கால்சியமும் அங்கேயே போகும். தக்காளிக் காயின் தோலிலோ நுண்துளைகளே இல்லை. அது பளபளவென்று மெழுகு பூசியது போல மூடிக் கிடக்கிறது. அதனால் இலையோடு போட்டி என்று வந்தால் காய் எப்போதும் தோற்கும்.

கால்சியம் செல்களின் சுவரில் பெக்டின் என்ற பசைப் பொருளைப் பிணைத்து, செங்கல்லுக்கு இடையில் சிமென்ட் போல இறுக்கிப் பிடிக்கிறது. காய் வேகமாகப் பருக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் அது போதாமல் போனால், காம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் அடி நுனியில் செல்கள் கசிந்து இடிந்துவிடும். அந்தக் கறுப்பு அப்படி வந்ததுதான்.

இப்போது சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு ஒரு மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். தளம் கொதிக்கிறது, அனல் காற்று அடிக்கிறது, செடி வைத்த பை காய்ந்து கிடக்கிறது. கிடைக்கும் கொஞ்சத் தண்ணீரையும் இலைகளே இழுத்துக்கொள்கின்றன. நான் செய்த தவறும் இங்கேதான் இருந்தது. வேலை நாட்களில் அவசரமாக ஒரு குவளை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு வாளி. காய்வதும் வெள்ளமாவதும் மாறி மாறி வந்தால் கால்சியத்தின் ஓட்டம் விட்டு விட்டுத்தான் நடக்கும். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். அடுத்த வருடச் செடிக்கு அது உதவலாம், அந்தக் காய்க்கு உதவ வழியே இல்லை.

இன்னொரு காரணம் பைக்குள்ளேயே இருந்தது. மாடித் தோட்டம் என்றாலே நாம் தேங்காய் நார்க் கழிவைத்தான் வாங்குகிறோம். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளிலிருந்து கட்டியாக வரும் கோகோபீட்தான் அது. எடை குறைவு, தன் எடையைப் போல் ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாடிக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை. ஆனால் புதிய நார்க் கழிவின் பரப்பில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சியத்துக்கு மின்சுமை அவற்றைப் போல் இரண்டு மடங்கு. அதனால் அது அந்த இடங்களிலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அதாவது செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தைப் பையே பிடித்து வைத்துக்கொள்கிறது. பெரிய பசுமைக்குடில்களில் இதற்காகவே நார்க் கழிவைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்த பிறகுதான் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. கட்டியை ஊறவைத்து, டிகாஷன் நிறத்தில் வரும் தண்ணீரை மூன்று தடவையாவது வடித்துக் கொட்டுங்கள். அப்புறம் செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, நார்க் கழிவு ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று கலந்து, ஈரமாகப் பத்து நாள் போட்டு வைத்தால் போதும்.

அடுத்த செடிக்குப் பெரிய பையாக, பதினைந்து அங்குல அகலத்தில் எடுத்தேன். பெரிய பையில் ஈரம் சட்டென்று ஏறி இறங்காது. நாற்றை அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டு பாதி புதையும்படி ஆழமாக நட்டேன். தக்காளித் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும், வேர் கூடினால் உறிஞ்சும் பலமும் கூடும். மேலே காய்ந்த இலைச் சருகை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பினேன். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்தால் தண்ணீர். வெயில் காலத்தில் காலையும் மாலையும். முதல் இரண்டு காய் மட்டும் கறுத்தது. மற்றவை முழுசாக வந்தன.

பூ உதிர்வது பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் கலங்குவது அதற்குத்தான். பகலில் 35 டிகிரிக்கு மேலும், இரவில் 24 டிகிரிக்குக் குறையாமலும் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ காம்போடு விழுந்துவிடும். சென்னை மாடியில் ஏப்ரல், மே மாதங்களில் நடப்பது இதுதான். எந்த டானிக் தெளித்தாலும் பெரிய பலன் இருக்காது. மழை ஓயும் சமயத்தில் நாற்று நட்டு, மார்கழி தையில் பூக்கும்படி பார்த்துக்கொள்வதே நல்லது. அப்போதும் காய் பிடிக்கவில்லையென்றால் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் பின்னால் விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். மகரந்தம் ஒரு மூடிய குழலுக்குள் இருக்கிறது. அதிர்ந்தால்தான் உப்புத் தூவுவது போலக் கொட்டும். பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து இதைச் செய்துவிடும். சாதாரணத் தேனீயால் முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பழுக்கும் கட்டம். நாட்டுத் தக்காளிக் காயைப் பார்த்தால் காம்பைச் சுற்றித் தோள்பட்டை மட்டும் கரும்பச்சையாக இருக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 ரகத்திலும் இந்தப் பச்சைத் தோள் உண்டு. உலகம் முழுவதும் தக்காளி இனவிருத்தியாளர்கள் பல பத்தாண்டுகளாக இதை ஒரு குறையாக நினைத்து, ஒரே சீராகச் சிவக்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அதன் விலை என்ன என்பது 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில் தெரிந்தது. தோளைப் பச்சையாக்கும் மரபணு, காயிலேயே ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்யும் பசுங்கணிகங்களைப் பெருக்கிச் சர்க்கரை சேர்க்க உதவுகிறது. சீராகச் சிவக்கும் ரகங்களில் அந்த மரபணு செயலிழந்து கிடக்கிறது. வீட்டில் விதை எடுப்பவர்கள் பச்சைத் தோள் உள்ள காயைத் தேடிப் பிடித்து விதை எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

காய் முழுதாகத் திரண்டு நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம். செடி வாடும் அளவுக்கு வேண்டாம். காய்க்குள் தண்ணீர் குறைவாகப் போனால் அந்த ஆறு பங்கு கெட்டிப்படும், இனிப்பும் புளிப்பும் கூடும். இந்த நேரத்தில் காயப்போட்டுவிட்டு வாளி வாளியாக ஊற்றினால் சதை ஊதும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் வெடித்துவிடும்.

லேசாகச் சிவப்பு ஏறிய செங்காயிலேயே பறித்துவிடுவது என் வழக்கம். அந்தக் கட்டத்தில் பழமே எத்திலீன் வாயுவை உண்டாக்கத் தொடங்கிவிட்டிருக்கும். வீட்டுக்குள் வைத்தாலும் நன்றாகப் பழுக்கும், அணிலுக்கும் போகாது. கோடையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சரியாக உருவாகாது. செடியிலேயே விட்டால் பழம் ஆரஞ்சு நிறத்தில் நின்றுவிடும்.

பறித்ததைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். தக்காளியில் 400-க்கும் மேற்பட்ட மணப்பொருட்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். நாம் தக்காளி வாசம் என்று உணர்வது அவற்றில் சிலவற்றின் கூட்டு. புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழங்களை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்துப் பார்த்து 2016-இல் எழுதினார்கள்: சர்க்கரையும் புளிப்பும் அநேகமாக அப்படியே இருந்தன, மணப்பொருட்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் அடங்கிப்போயிருந்தன. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்த பிறகும் மணம் முழுதாகத் திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா வைக்கும் ரசத்தை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். தக்காளியை விதையோடு கையால் பிசைவார். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான கூழில்தான் சதையைவிட அதிகமாகக் குளூட்டமேட் இருக்கிறது. நாக்கில் நிற்கும் அந்தச் சாறுச் சுவை அதனால் வருவது. விதையை எடுத்துவிட்டால் ரசம் சப்பென்று ஆகும். நுரை கட்டியதும் இறக்கிவிடுவார், தளபளவென்று கொதிக்க விடமாட்டார். கொதித்தால் ஆவியோடு போவது நாம் பிரிட்ஜில் வைக்காமல் காப்பாற்றிய அதே மணம்தான்.

தொக்குக்கு நேர்மாறு. நல்லெண்ணெய் பிரிந்து வரும்வரை அரை மணி நேரம் வதக்குவார். மணத்தில் கொஞ்சம் போகும், வைட்டமின் சி-யும் குறையும். ஆனால் சூட்டில் செல் சுவர் உடைந்து உள்ளே அடைபட்டிருந்த லைக்கோபீன் வெளியே வரும். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் பச்சைத் தக்காளித் துண்டில் இருப்பதைவிட, எண்ணெயில் வதங்கிய தொக்கில் இருக்கும் லைக்கோபீனை நம் குடல் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது.

நேற்றுப் பறித்ததில் வெடித்த மூன்று பழங்கள் தொக்குக்குப் போயின. செங்காய் நான்கு சமையல் மேடை ஓரத்தில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருக்கிறது. நாளை மறுநாள் ரசத்துக்கு ஆகும்.