காயம்பட்ட விளையாட்டு வீரருக்கு: உதவிக்கு முன்னே உரிமை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பேர் எடுத்த ஒரு விளையாட்டு வீரர் முழங்கால் ஜவ்வு அறுந்து வீட்டோடு கிடந்தால் இரண்டு விதமான பேச்சு வரும். "நம்ம பிள்ளை, காசு சேர்த்துக் கொடுப்போம்" என்பார்கள் சிலர். "காசுக்குத்தானே விளையாடினான், நாம ஏன் கொடுக்கணும்?" என்பார்கள் வேறு சிலர். கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பணம் சேர்க்க லயம் லயமாக (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஏறி இறங்குவதற்கு முன், சட்டப்படி அவருக்கு வரவேண்டிய பணம் வந்துவிட்டதா என்று பாருங்கள். அதை யாரும் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

எவ்வளவு பெரிய வீரர் என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை. யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதே கேள்வி. கொழும்பில் கம்பனி அணிக்கு விளையாடுவதற்கென்றே திறமையான பிள்ளைகளை வேலைக்கு எடுப்பார்கள். நியமனக் கடிதத்தில் ஸ்டோர்ஸ் உதவியாளர் என்றிருக்கும், வாரத்தில் பாதி நாள் மைதானத்தில் போகும். அவர் ஊழியர்தான். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அவர் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் அந்த நிதிக்கு, அதாவது ஈபிஎஃப்புக்குப் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியமான ஈடிஎஃப்புக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். தற்காலிக வேலை, நாட்கூலி என்று சொல்லித் தப்ப முடியாது. கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இயலாமையைக் காட்டி ஈபிஎஃப் பணத்தை வயதுக்கு முன்னரே முழுதாக எடுக்க வேண்டுமானால், நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் சான்றளிக்க வேண்டும். இனி ஓட முடியாது, ஆனால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றால் அது கிடைக்காது. விளையாட்டுக் காயங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இருந்தாலும் 10 வருடம் பணம் கட்டி, கணக்கில் குறைந்தது 300,000 ரூபாய் இருந்தால், வைத்தியச் செலவுக்கென்று 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழியுண்டு.

அரைகுறை இயலாமைக்குக் கைகொடுப்பது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு நட்டஈடு கணக்கிடுவார்கள். 2022இல் இதன் உச்சத் தொகை 550,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது. வேலையின் நிமித்தம், வேலையின்போது காயம் நேர்ந்தது என்று காட்ட வேண்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

தோட்டங்களுக்கிடையிலான கரப்பந்தாட்டப் போட்டிக்கு நிர்வாகமே ஆளை அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். அன்று அவருக்குப் பேர் போட்டார்களா, அதாவது அந்த நாளை வேலை நாளாகப் பதிந்தார்களா? செக்ரோலில் (தோட்டத்தின் வேலைநாள் பதிவேடு) அந்தத் தேதிக்கு நேரே பேர் விழுந்திருந்தால் அது வலுவான ஆதாரம். போட்டிக்கு அனுப்பிய கடிதம், லொறி ஒழுங்கு செய்த துண்டு, அன்றே வைத்தியசாலையில் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தோட்ட மருந்தகத்தில் கட்டுப் போட்டதோடு நிற்காமல் டிக்கோயா, நுவரெலியா, கண்டி என்று ஏதாவது ஓர் அரச வைத்தியசாலைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். சிகிச்சை இலவசம், எழுத்தும் மிஞ்சும்.

சரி, சம்பளமே இல்லாமல் மாகாணத்துக்கும் நாட்டுக்கும் ஓடியவருக்கு என்ன இருக்கிறது? விளையாடினார் என்பதற்காக எல்லா வீரருக்கும் கிடைக்கிற ஓய்வூதியம் இங்கே இல்லை. வறுமையும் இயலாமையும் இருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500இலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. குடும்பத்துக்கு அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்குமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். சத்திரசிகிச்சை போன்ற பெரிய செலவென்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு எழுதலாம். 2025 பெப்ரவரியிலிருந்து அதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கும் உரிமையும் அரசியலமைப்பில் உண்டு.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் பள்ளத்தை நிரப்பத்தான் ஊர்ப் பணம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்கவே, கஷ்டத்தால் பதக்கத்தை விற்கப் போவதாக 2017இல் சொன்னார். அவருக்கே அந்த நிலை என்றால் மலையில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பிள்ளை ஜெயித்து வந்தபோது மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் நாம். ஆகவே கொடுங்கள். ஆனால் மேடையில் ஒரே நாளில் ஒரு தொகையைக் கொடுப்பதைவிட, பிசியோதெரபிக்குக் கண்டி போய்வரும் பஸ் காசையும் நாள்கூலி இழப்பையும் மாதாமாதம் ஏற்றுக்கொள்வது அவருக்கு அதிகம் உதவும். அதோடு, தொழில் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அவருடன் கூடப் போக, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.